முதலில் திரும்பி வருவோம்

எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தில் அவளுக்கு ரிட்டர்ன்காரி என்று பெயர். எனக்கு கேன்சல் அக்கா. மருந்துக் கடைக்கு மேல்மாடியில், ஜன்னலை ஒட்டி எங்கள் இருவர் மேசையும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஊருக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் போடுவது அவள் வேலை. போகாமல் நின்றுவிட்டவர்களின் டிக்கெட்டை ரத்து செய்வது என் வேலை. என்னிடம் வருகிற எவரும் சிரித்த முகத்தோடு வந்ததில்லை. நானும் சிரித்ததில்லை. அதற்கும் இதற்கும் சரியாகப் போயிற்று.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் போன் செய்து எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டாலும், "சரிங்க, எப்ப திரும்பி வரணும்? அதை முதல்ல முடிச்சுடுவோம்" என்பாள். திரும்பி வரும் டிக்கெட்டைப் போட்டு முடித்த பிறகுதான் போகும் டிக்கெட். இது என்னடி தலைகீழ்ப் பாடம் என்று ஒருநாள் கேட்டேன்.

"போறதுக்கு யாரு பயப்படுறாங்கக்கா? வராமப் போயிடுவோமோன்னுதான் பயம். நம்ம வாசலுக்குத் திரும்பி வந்தாச்சுன்னு முதல்லயே காட்டிட்டா, மத்ததெல்லாம் சுலபம்" என்றாள்.

பயப்படாதீங்க என்று அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. "என்ன பயம், சொல்லுங்க" என்றுதான் கேட்பாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்க முதல்தடவையாக விமானம் ஏறப் போகிறவர், தினமும் போன் போட்டு எங்கள் உயிரை எடுத்தார். விமானத்தில் கக்கூஸ் கதவு திறக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டார். நானாக இருந்தால் போனை வைத்திருப்பேன். இவள் நிதானமாக, "ரெண்டு தட்டுத் தட்டுங்க சார், வெளியில ஒரு பொண்ணு இருக்கும், திறந்து விடும். உங்களை உள்ள வச்சுக்கிட்டு அவங்களுக்கு என்ன லாபம்?" என்றாள். வாத்தியார் சிரித்தது என் மேசை வரைக்கும் கேட்டது.

"இறங்கினதும் வழி தெரியலேன்னா ஓடுறவன் பின்னால போகாதீங்க, அவனே தவிச்சுப் போய் ஓடுவான். கொட்டாவி விடுறவன் பின்னால போங்க. அவன் அடிக்கடி வந்து போறவன்" என்றும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

இத்தனையும் சொன்னவள் அதுவரை விமானத்தில் காலெடுத்து வைத்ததில்லை. போய் வந்தவர்களை உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். அவர்களும் திரும்பி வந்ததும் மாடியேறி வந்து அவளுக்கு சாக்லேட் கொடுத்துவிட்டுப் போவார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வயிறு எரியும். இல்லையென்று சொன்னால் பொய்.

அவள் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்த்தார். இரும்பையே சீவித் தள்ளுகிற மனுஷன், ஊர் எல்லையைத் தாண்டச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். அவருக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போயிற்று. தூரத்து நகரத்தில்தான் அந்த ஆபரேஷன் செய்வார்கள், ரயிலில் உடம்பு தாங்காது, விமானத்தில் கூட்டிப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். இவரோ, இருக்கிற வரைக்கும் இங்கேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"கத்திக்குப் பயமில்லையாம்க்கா. போற வழிதான் பயமாம்" என்று என்னிடம் வந்து அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசைப் போனை எடுத்து வீட்டு நம்பரைச் சுற்றினாள். "வணக்கம் சார், சொல்லுங்க. எப்ப திரும்பி வரணும்?" என்றாள். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சரி சார், அதை முதல்ல முடிச்சுடுவோம்."

அன்றைக்கே இரண்டு பேருக்கும் திரும்பி வரும் டிக்கெட் எடுத்தாள். அதை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். சாயங்காலங்களில் சமையலறையில் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, அவருடைய இடுப்பு பெல்ட்டை வைத்துப் பயிற்சி கொடுத்தாள். அவர் கையைத் தூக்கிக்கொண்டு, "எனக்கு வரல, நீயே போட்டு விடேன்" என்பாராம்.

"லேத்து ஓட்டுறவருக்கு பக்கிள் மாட்டத் தெரியாதாக்கும்? உன்னைக் கிட்ட வரவைக்கிற தந்திரம்டி அது" என்றேன். அந்த வயதிலும் அவளுக்கு வெட்கம் வந்தது.

போய் இறங்கியதும் அவரே எனக்குப் போன் செய்தார். "கேன்சல் அக்கா, ஒண்ணுமே இல்ல. வீட்டுச் சமையக்கட்டுல உக்காந்திருந்த மாதிரிதான் இருந்துச்சு" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை. வந்ததும் எனக்கும் சாக்லேட் உண்டு என்றார்.

அப்புறம் தகவல் இல்லை. ஆஸ்பத்திரி வேலையில் இருப்பார்கள் என்று நானும் தொந்தரவு செய்யவில்லை. ஒரு மத்தியானம் என் போன் அடித்தது. "ஒரு ரிட்டர்ன் டிக்கெட் கேன்சல் பண்ணணும்" என்றது ஒரு குரல். தொண்டை கட்டிய குரல், எனக்கு அடையாளம் தெரியவில்லை. "காரணம்?" என்றேன், எல்லோரிடமும் கேட்பது போல.

"பயணி இல்லக்கா" என்றாள்.

அந்த 'அக்கா'வில்தான் அவள் என்று தெரிந்தது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்ததாம். அதன்பிறகு அவர் கண் திறக்கவே இல்லை. தகவல் தெரிந்து அவர் அண்ணன் அங்கே ஓடியிருக்கிறார், தகனத்தையும் அங்கேயே முடித்துவிட்டார்கள்.

"பயந்துக்கிட்டு வீட்டுலயே இருந்திருப்பாருக்கா. கொஞ்ச நாளாவது இருந்திருப்பாரு. நான்தான் பேசிப் பேசிக் கிளப்பிக் கூட்டிட்டு வந்தேன்."

விதி, நம்ம கையில் என்ன இருக்கு, மனசைத் தேத்திக்கோ என்று சொல்வதற்கு ஆயிரம் வார்த்தை இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டேன். அவள் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்.

"இப்ப என்ன பயம்டி உனக்கு? சொல்லு."

"பக்கத்துல யாராவது வந்து உக்காருவாங்கல்ல. எந்த ஊரு, எங்க போய்ட்டு வர்றீங்கன்னு கேப்பாங்க. அவரோட சீட்டுல உக்காந்துக்கிட்டுக் கேப்பாங்க."

"அந்த டிக்கெட்டை நான் கேன்சல் பண்ண மாட்டேன்" என்றேன். ரத்து செய்யமாட்டேன் என்று நான் சொன்னது என் சர்வீஸில் அதுதான் முதல்தடவை.

அந்த ஊர் விமான நிலையத்தின் கவுண்டரில் ஒருத்தி இருந்தாள். அதுவரை அவளோடு போனில் சண்டை மட்டும்தான் போட்டிருக்கிறேன். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அந்த சீட்டை யாருக்கும் குடுக்க மாட்டேன் மேடம், நான் பாத்துக்கிறேன். கண்ணாடி போட்டிருப்பேன், அவங்ககிட்ட அடையாளம் சொல்லுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. நான்தான் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி இவளைக் கூப்பிட்டேன். கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருப்பாள், நீ எதுவும் விளக்க வேண்டாம், அவளே கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைப்பாள், இங்கே இறங்கினால் வாசலில் நான் நிற்பேன் என்றேன். "வழி தெரியலேன்னா கொட்டாவி விடுறவன் பின்னால வா" என்றும் சொன்னேன். அவள் சிரித்தாளா அழுதாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

எல்லோரும் வெளியே வந்தபிறகு கடைசியில் வந்தாள். ஒரு கையில் அவள் பை, இன்னொரு கையில் அவர் பை. கட்டிக்கொண்டேன். இரண்டு பையையும் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"யாரும் வந்து உக்காரலக்கா" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு மறுபடி பேசினாள்.

"கிளம்புறப்ப ஒரு பொண்ணு எல்லார் பெல்ட்டையும் பாத்துக்கிட்டே வந்துச்சுக்கா. எனக்குக் கை சும்மா இருக்கல. அவரோடதையும் போட்டு விட்டேன். அந்தப் பொண்ணு பாத்துட்டு அடுத்த வரிசைக்குப் போயிடுச்சு."