ஆறு பேர் என்று போட மறுத்த பிள்ளை

இன்று காலை அண்ணாவின் கோப்பாய் வீட்டை அளக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். கட்டத் தொடங்கிய நாளிலிருந்து இடித்துக் கொட்டும் நாள் வரை ஒரு வீடு சுற்றாடலுக்கு எவ்வளவு பாரம் என்பதுதான் அவளுடைய ஆய்வு.

எனக்கோ பெருமை. முகம் தெரியும் மாபிள் தரை, நாலு அறைக்கும் ஏசி என்று சுற்றிக் காட்டினேன்.

அவள் கேட்டதெல்லாம் வேறு. மணல் எங்கேயிருந்து வந்தது? லொறி எத்தனை தரம் ஓடியது? அளவுநாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏணியில் ஏறி, தண்ணீர்த் தாங்கியைக்கூட விடாமல் அளந்தாள்.

கடைசியாக, "இந்த வீட்டிலை எத்தினை பேர் அக்கா இருக்கிறியள்?"

"அண்ணை ஆக்கள் ஆறு பேரும் கனடாவிலை. நான் கிழமைக்கு ஒருக்கா வந்து கூட்டுறனான். நீங்கள் ஆறு பேர் எண்டு போடுங்கோ தங்கச்சி."

"இல்லாத ஆக்களைப் போடேலாது அக்கா. மொத்தப் பாரத்தையும் இருக்கிற ஆக்களாலை பிரிச்சுத்தான் பாக்கிறது. ஒருத்தரும் இல்லாட்டி ஆராலை பிரிக்கிறது?"

இத்தனை வருடமாக எங்கள் குடும்பத்தில் ஒருவரும் வாய் திறந்து கேட்காத கேள்வி. குரலைக்கூட உயர்த்தாமல் கேட்டுவிட்டாள்.

படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். தேத்தண்ணியைக் குடித்தாள். "ஆரும் குடிவந்தாச் சொல்லுங்கோ அக்கா, வந்து முடிக்கிறன்" என்று சைக்கிளில் ஏறிப் போனாள்.

நடந்ததை அப்படியே அண்ணாவுக்குக் குரல்பதிவாக அனுப்பினேன். கேட்டுவிட்டார் என்று வட்ஸ்அப் காட்டுகிறது.

கோப்பாயில் நாலு அறை, நல்ல தண்ணீர்க் கிணறு. அந்தப் பிள்ளையின் கணக்கை முடித்துவைக்க யாராவது குடிவருகிறீர்களா?