அமாவாசைக்கு வீங்கும் தொண்டை

செஞ்சியில் வீடு கட்டியவனுக்கு, மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் விருந்தாளிகள். அமாவாசையன்று மத்தியானமே வந்து இறங்குவார்கள். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலம் ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் கிளம்புவார்கள். கூட்டத்தில் ஒருவரையும் தொலைக்காமல் அம்மனைக் காட்டிக் கூட்டி வருவது என் பொறுப்பு. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஒரு அமாவாசையன்று எனக்கு உண்மையாகவே டான்சில் வீங்கிவிட்டது. காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. “நீங்க படுங்க, நான் கூட்டினு போறேன்” என்று சொல்லி மனைவி கிளம்பினாள். அவர்கள் போன பிறகு வீட்டில் ஓர் அமைதி இருந்தது பாருங்கள். காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. அந்த அமைதியின் ருசி விடவில்லை.

அடுத்த அமாவாசைக்கு நானாகவே மப்ளரைச் சுற்றிக்கொண்டேன். கண்ணை இறுக்கி மூடி எச்சில் விழுங்கிக் காட்டினேன். கேட்டதற்கெல்லாம் கையால் பதில் சொன்னேன். பஸ் கிளம்பியிருக்கும் என்று தெரிந்ததும் திருவண்ணாமலை சாலை டீக்கடைக்குப் போய்ச் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி தின்றேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. நடுவில் இரண்டு மூன்று தடவை நிஜமாகவே வீங்கியது. அப்போதெல்லாம் பஜ்ஜி இல்லை.

ஆரணியிலிருந்து வரும் மைத்துனனுக்கு மட்டும் சந்தேகம்.

“இன்னா மாமா, உங்க தொண்டை காலண்டர் பாத்துதான் வீங்குதா?”

“சும்மா கெடடா. மனுஷன் முழுங்க முடியாம கெடக்கறாரு, உனக்கு கிண்டலா இருக்குது” என்று என் மனைவி தம்பியை அடக்கினாள். நான் பாவமாக இருமினேன். டான்சிலுக்கு இருமல் அவசியமில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடைசியில் அவளே என்னை விழுப்புரத்தில் ஒரு தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

“வருஷத்துக்கு எத்தனை தடவை வருது?” என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “மாசா மாசம் சார். ஒரு அமாவாசை தப்பாது.”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏழு தடவைக்கு மேல வந்தாலே ஆபரேஷன் பத்தி யோசிக்கலாம். உங்களுக்கு அதையும் தாண்டிடுச்சு. ஆனா பெரியவங்களுக்கு இது குழந்தைங்க மாதிரி லேசா போவாது. ரெண்டு வாரம் நல்லா வலிக்கும், ரத்தம் கசியலாம். வீட்ல பேசிட்டு தேதி சொல்லுங்க.”

“இன்னா பேசறது? தேதிய இப்பவே குடுங்க சார்” என்றாள் அவள்.

பொய்க்காகத் தொண்டையை அறுத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

“சார், நெசமா வந்தது மூணு தடவதான் இருக்கும்.”

“மீதி?”

“மீதி பொய்.”

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். “அப்ப ஆபரேஷன் வேணாம்மா. வரும்போது மருந்து போதும். ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, தூக்கத்துல மூச்சு அடைச்சாலோ உடனே வாங்க” என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

செஞ்சி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“முட்டி வலியோட அந்தக் கூட்டத்துல நின்னு, ஒவ்வொரு தபாவும் இன்னா வேண்டிக்கினேன் தெரியுமா? உங்க தொண்டை சரியாவணும்னு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் பஜ்ஜி தின்ற நேரங்களில் அவள் எனக்காகக் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அடுத்த அமாவாசையன்று காலையிலேயே தொண்டை வலித்தது. நிஜ வலி. மத்தியானம் காய்ச்சலும் வந்தது. யாரிடம் சொல்வது? மப்ளரைத் தொடக்கூட பயம். எல்லோருடனும் பஸ் ஏறினேன். அவளுக்கு இடம் கிடைத்தது, நான் பக்கத்தில் நின்றுகொண்டேன். வழியில் வளத்தி கிராமம் தாண்டியதும் பஸ் குலுங்கியதில் என் கை அவள் கைமேல் பட்டது. அவள் திடுக்கிட்டு, என்னைக் குனியவைத்து என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“நெருப்பா கொதிக்குது! ஏங்க, சொல்லக் கூடாதா?”

“சொன்னா நம்பியிருப்பியா?”

“மாட்டேன்” என்றாள். பிறகு எழுந்து, தன் இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு, முட்டி வலியோடு நின்றுகொண்டு வந்தாள்.