காலரில் வைத்த மஞ்சள்

எண்பதுகளில் நாங்கள் அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். மகள் ஒரு பெரிய யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பித்திருந்தாள். பதில் வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே காரில் போய், அதன் பெயர் போட்ட ஸ்வெட்ஷர்ட் ஒன்றை வாங்கி வந்தேன். புதுத்துணிக்கு வைப்பதுபோல் காலரில் மஞ்சள் வைத்து, சாமி முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பா, ஐ டிட்ன்ட் கெட் இன் யெட்," என்றாள்.

"அதெல்லாம் கெடைச்சிடும். போட்டுக்கோ."

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் பொங்கல் பாட்லக்கில், அவள் அதைப் போட்டிருந்ததைப் பார்த்த நண்பர், "அட்மிஷன் கெடைச்சிடுச்சா? சொல்லவே இல்லையே," என்றார். நான் மறுக்காமல் சிரித்து வைத்தேன். மகள் சாப்பிடாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரலில் மெல்லிய கவர் வந்தது. உள்ளே ஒரே தாள், இடமில்லை என்று. மகள் ஸ்வெட்ஷர்ட்டை மடித்து என் மடியில் வைத்தாள்.

"யூ வேர் இட், அப்பா. யூ காட் இன்."

அதே வாரம் பக்கத்து ஸ்டேட் காலேஜிலிருந்து தடித்த கவர் வந்தது, இடம் உண்டு என்று. "ம், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

அங்கேதான் படித்தாள், நன்றாகவே படித்தாள். அந்தக் காலேஜ் ஸ்வெட்ஷர்ட்டை அவளே வாங்கிக்கொண்டாள். நான்கு வருடம் அது என் கண்ணெதிரே நாற்காலி முதுகில் கிடந்தது. அதன் காலரில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.