கோயில் கைப்பிடியில் துரு

பல்லேகலயில ஒரு ஸ்டீல் பட்டறையில எனக்கு வேலை. வெல்டிங் முடிஞ்சு வர்ற சாமான அமிலத்துல கழுவி, ஒட்டியிருக்கிற இரும்புத் துகள எடுத்து, தண்ணியில அலசி, சும்மா விட்டுடுவேன். காத்துப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் கட்டும். அது இருக்கிற வரைக்கும் துரு அண்டாது. சும்மா விடுறதெல்லாம் ஒரு வேலையான்னு வீட்டுக்காரி கேப்பா.

தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் படிக்கு ஸ்டீல் கைப்பிடி செஞ்சு குடுத்தேன். மாமனார்தான் அங்க கோயில் தலைவர். மனுசன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கூட்டத்துல எந்திரிச்சு, "இந்த ஸ்டீல்ல துருப் புடிச்சா நான் பதவிய விட்டுப் போயிடுறேன்"னு சவால் விட்டுட்டார். அந்தப் பதவிதான் அவருக்கு உசுரு.

மூணாவது வாரமே துரு. துருவக் கழுவுறதுக்கு எலுமிச்சை உப்புக் கரைச்ச தண்ணி வாளியோட பஸ் ஏறினேன். என்னன்னு கண்டக்டர் கேட்டார். கோயிலுக்குன்னேன், தீர்த்தம்னு நெனச்சு முன் சீட்டுல இடம் குடுத்தார். கழுவி முடிச்சு, யாரும் கை வைக்கக் கூடாதுன்னு மாமாவையே காவலுக்கு வச்சேன். அவரும் கதிரை போட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் துரு இரண்டு மடங்கு. எப்ப பதவி விலகுறீங்கன்னு பழைய தலைவர் கேட்டு, கூட்டமும் கூட்டிட்டார்.

கூட்டத்தன்னைக்கு மறுபடி வாளியோட முதல் பஸ்ஸில போய் இறங்கினேன். மாமா சாம்பலும் சட்டி தேய்க்கிற இரும்புச் சுருளுமா, வேர்க்க விறுவிறுக்கக் கைப்பிடியத் தேய்ச்சுக்கிட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துல வாளியப் போட்டுட்டேன்.

"சாமி பொருளு மாப்ள, குத்துவிளக்கு மாதிரி தினம் விடிய தேய்க்கிறேன். அப்பவும் துரு போக மாட்டேங்குது பாருங்க."

"அந்தச் சுருள்தான் மாமா படலத்தக் கிழிச்சு, இரும்புத் துகளையும் ஒட்ட வைக்குது. அந்த இரும்புதான் துருப் புடிக்குது."

மாமா அப்படியே படியில உட்கார்ந்துட்டார். "அப்ப நான்தானா?"ன்னார். அவர் முகத்தப் பாக்க எனக்குத் தாங்கல.

கூட்டத்துல பழைய தலைவர் வாயத் திறக்குமுன்ன நான் எந்திரிச்சேன். "ஸ்டீல் நல்லது. நான்தான் கழுவுறதுல கோட்டை விட்டுட்டேன். தலைவர் என்ன செய்வார்?" பத்து வருசமா செய்யிற வேலை, சொல்லும்போது நாக்கு கசந்துச்சு.

மாமா மெதுவா எந்திரிச்சார். உண்மையச் சொல்லிடுவாரோன்னு பயந்தேன். துருக் கறை படிஞ்ச விரல வேட்டி மடிப்புல மறைச்சுக்கிட்டு, "மாப்ளைக்கு இன்னும் தொழில் பழகல. போகப் போக வந்துடும். மன்னிச்சு விடுவோம்"னார்.