மகேந்திரராசாவை இறக்கிய ஞாயிற்றுக்கிழமை

துவாரகாவுக்குப் பத்தொன்பது வயது. டென்மார்க்கில், பிரெடெரிசியா நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராகப் பயிற்சி பெறுகிறாள். நாள் முழுவதும் அடுத்தவர் வாயைப் பார்க்கிற வேலை. ஆனால் அவளுடைய வாயைப் பார்த்த மருத்துவர்தான் ஒருநாள் திகைத்துப்போனார். நித்திரையில் பல்லை நெருமி நெருமிக் கடைவாய்ப் பல் இரண்டும் தேய்ந்து கிடந்தன. "யார் மேல் இவ்வளவு கோபம்?" என்று டேனிஷில் கேட்டார். அவள் சிரித்துச் சமாளித்தாள். யார் மேல் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வைகறைத் தமிழ் மன்றத்தின் தலைவர் மகேந்திரராசா மேல்.

பதினேழு வருடமாக அந்த மனுசன்தான் தலைவர். நெட்டை உடம்பு, கோட், எந்த மேடையிலும் ஒலிவாங்கியை விட மனமில்லாத கை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு பொங்கல் விழாவில் அவர் செய்த வேலையைத் துவாரகா மறக்கவில்லை. மறக்கிற எண்ணமும் இல்லை. அவளுடைய அக்கா சயந்தினி மன்றத்தில் ஆறு வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள். அன்றைக்கு அவளுக்குப் பொன்னாடை போடுவதாக இருந்தது. சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து, மேடைப் படிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மகேந்திரராசா ஒலிவாங்கியை எடுத்தார்.

"பிள்ளையளுக்கு முன்மாதிரியா நடக்கிற ஆக்களுக்குத்தான் இந்த மேடை. ஆனபடியால் பட்டியலில இருந்து ஒரு பேரை எடுத்திருக்கிறம்."

எந்தப் பேர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சயந்தினி மாட்ஸ் என்கிற டேனிஷ் பொடியனோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறாள் என்பது அந்த மாதம் ஊருக்கே தெரிந்திருந்தது. முந்நூறு பேர் பார்த்திருக்க, மண்டபத்தின் நீளத்துக்கும் அவள் திரும்பி நடந்து வந்தாள். ஒருத்தராவது எழும்பினார்களா? இல்லை. அடுத்த மாதமே அவள் வடக்கே ஓல்போர்க் நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கே மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. தமிழாக்கள் கூடுகிற மண்டபம் எதிலும் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. அப்பா சண்முகலிங்கம் ஒரு வருடம் மன்றப் பக்கமே தலை காட்டவில்லை. பிள்ளைக்கு நடந்த அவமானத்தில் மனுசன் உடைந்துபோனார் என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். சயந்தினியும் அப்படித்தான் நினைத்தாள். அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் முதலில் அப்பாவைத்தான் விசாரிப்பாள்.

போன நவம்பரில் நகரசபைத் தேர்தலில் துவாரகா வாழ்க்கையில் முதல்முறையாக வாக்குப் போட்டாள். நாலு நிமிடத்தில் வேலை முடிந்தது. புள்ளடி போட்டாள், கடைக்குப் போய்ப் பால் வாங்கினாள், வீட்டுக்கு வந்தாள். நெஞ்சில் ஒரு சலனமும் இல்லை. ஆனால் மார்ச்சில் வந்த மன்றத் தலைவர் தேர்தல் அவளுடைய இரத்தத்தைக் கொதிக்க வைத்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற யோகமலர் அன்ரி போட்டிக்கு நிற்கிறேன் என்று சொன்னதோடு ஊர் இரண்டாகப் பிரிந்தது. வைபர் குழுவில் காலையில் ஒருவர் விலகுவார், மத்தியானம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வருவார், பின்னேரம் இன்னும் மோசமாகத் திட்டுவார். ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் சாப்பாட்டு மேசைகளையே பிரித்துப் போட வேண்டியதாயிற்று.

இத்தனை அமளிக்குள்ளும் மகேந்திரராசா அசையவில்லை. காரணம் இருந்தது. மன்றத்தில் எப்போதும் கையை உயர்த்தித்தான் தெரிவு. கை உயரும்போது அவர் இரண்டு பக்கமும் நடந்து பார்ப்பார். எண்ணுவது கையை இல்லை, முகத்தை. எதிராகக் கை தூக்கின வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த கலைவிழாவில் மேடை கிடைக்காது.

துவாரகாவின் ஆசை முதலில் அந்தக் கை உயர்த்தல்தான். அவர் நடந்து வரும்போது கையை நல்லாக உயர்த்தி, கண்ணுக்குள் கண்ணை விட்டுப் பார்க்க வேண்டும். யார் மகள், யார் தங்கச்சி தன்னை எதிர்க்கிறாள் என்று அந்த ஆளுக்கு உறைக்க வேண்டும். இந்தக் காட்சியைக் குளிக்கும்போதும் நினைத்தாள், நோயாளியின் எச்சிலை உறிஞ்சும்போதும் நினைத்தாள்.

அப்படியிருக்கும்போது மன்றத்தின் யாப்பை, அதன் சட்டவிதிகளை, எடுத்து வாசித்தாள். அதை அவளைத் தவிர யாரும் முழுதாக வாசித்ததில்லை. தொண்ணூற்றொன்றில் மன்றத்தைப் பதிவு செய்தபோது, புதிதாக வந்திறங்கிய அப்பாமார்களுக்கு டேனிஷ் தெரியாது. பக்கத்தில் இருந்த உதைபந்தாட்டக் கழகத்தின் யாப்பை வாங்கி, பேரை மட்டும் மாற்றி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மன்ற உறுப்பினர்கள் விளையாடி முடிந்ததும் தங்கள் காற்சட்டையைத் தோய்த்துக் கொடுக்க வேண்டும் என்று இன்றைக்கும் சட்டம் இருக்கிறது. ஒன்பதாவது பிரிவில் இன்னொன்றும் இருந்தது. ஒரேயொரு உறுப்பினர் கேட்டாலும் வாக்கெடுப்பை எழுத்தில், இரகசியமாக நடத்தியே ஆக வேண்டும்.

அதை வாசித்தபோது அவளுக்குச் சந்தோசம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இரகசியம் என்றால் அவளுடைய கையை அவர் பார்க்க மாட்டார். பார்க்காத பழி என்ன பழி? இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில் தன் ஆசையை விழுங்கினாள். அந்த ஆள் விழுந்தால் போதும்.

ஞாயிறு மத்தியானம், பாடசாலை மண்டபம். "வழமை போல கையை உயர்த்துவம்," என்று மகேந்திரராசா தொடங்கினார். துவாரகா எழும்பினாள். ஒன்பதாவது பிரிவை டேனிஷில் வாசித்து, தமிழிலும் சொன்னாள்.

"பிள்ளை, நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம். குடும்பத்துக்குள்ள என்ன ஒளிவுமறைவு?" என்றார் அவர்.

"குடும்பம் எண்டால் பயமில்லைத்தானே, மாமா. எழுதட்டும்."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். செயலாளர் தேவகுமார் யாப்பை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு தாள் வெட்டத் தொடங்கினார். ஆட்கள் கையால் மறைத்து மறைத்துப் பெயரை எழுதி, தேநீருக்கு ரோல்ஸ் பலகாரம் வந்த அட்டைப் பெட்டிக்குள் போட்டார்கள். பெட்டி நிறைந்த பிறகுதான் மகேந்திரராசா சிரித்துக்கொண்டு சொன்னார்: "கேட்ட பிள்ளையே வந்து எண்ணட்டும். பிறகு நான் கள்ளம் செய்தன் எண்டு சொல்லக் கூடாது."

அவள் மேடைக்குப் போனாள். ஒவ்வொரு தாளாகப் பிரித்து உரக்க வாசிக்க வேண்டும், தேவகுமார் கோடு போடுவார். யோகமலர். யோகமலர். மகேந்திரராசா. யோகமலர். வாசிக்க வாசிக்க அவளுக்கு வாயெல்லாம் இனித்தது. இத்தனை வருடம் கை தட்டின கூட்டத்துக்குள் இவ்வளவு வன்மம் படுத்திருந்ததா? அக்கா நடந்து வந்த நீளத்துக்கு இன்றைக்கு இந்த ஆள் நடக்கட்டும்.

அப்போதுதான் அந்தத் தாளைப் பிரித்தாள். நாலாக மடித்திருந்தது. "மகேந்திரராசா அண்ணை" என்று எழுதியிருந்தது. வேறு எவரும் அண்ணை, அக்கா என்று எழுதவில்லை. எழுத்தை உற்றுப் பார்த்தாள். இடப்பக்கம் சரிந்த எழுத்து. வீட்டு ஆழ்குளிர்ப் பெட்டியில் ஆட்டிறைச்சி, இறால், முருங்கையிலை என்று ஒவ்வொரு பையிலும் ஒட்டியிருக்கிற அதே எழுத்து. அப்பாவின் எழுத்து.

நிமிர்ந்து பார்த்தாள். நாலாம் வரிசையில் அம்மா செல்வமலருக்குப் பக்கத்தில் அப்பா இருந்தார். மகள் எண்ணப்போவது எழுதும்போது அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. அவர் முன்னால் இருந்த கதிரையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயரை மட்டும் வாசித்துவிட்டுப் போயிருக்கலாம். துவாரகா முழுதாக வாசித்தாள். "மகேந்திரராசா அண்ணை." மண்டபம் கொல்லென்று சிரித்தது. அம்மாகூடச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

யோகமலர் நாற்பத்தேழு, மகேந்திரராசா முப்பத்தாறு. யோகமலரைச் சூழ்ந்து படமெடுக்கத் தொடங்கினார்கள். மகேந்திரராசா கோட்டைச் சரி செய்துகொண்டு துவாரகாவிடம் வந்து கை கொடுத்தார். கொடுத்த கையை விடவில்லை.

"கொக்கா சயந்தினிக்காகத்தானே இவ்வளவும்? அந்தப் பேரை எடுக்கச் சொன்னது நான் இல்லை, பிள்ளை. கொப்பர், உன்ர அப்பா. முதல்நாள் வீட்டை வந்து அழுதவர். மேடையில ஏத்தினால் தன்ர மானம் போயிடும், நீங்களே செய்ததா இருக்கட்டும் அண்ணை எண்டு கேட்டவர். ஆறு வருசம் நான் வாய் திறக்கேல்லை. இனி எனக்கு என்ன?"

சொல்லிவிட்டு அவர் போனார். மனுசன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. தோற்றவரும் கடைசியில் பழியைத் தீர்த்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா காரை ஓட்டினார், அம்மா பக்கத்தில், துவாரகா பின்னுக்கு. "நல்ல முடிவு. உந்த ஆளுக்கு இப்பிடி ஒரு பாடம் வேணும்தான்," என்றார் அப்பா. அம்மா தலையாட்டினார். துவாரகாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் அக்காவுக்கு அழைப்பு எடுத்தாள். அவளுடைய தொலைபேசி அந்தக் காரோடு தானாகவே இணைந்துகொள்ளும். சயந்தினியின் குரல் கார் முழுவதும் கேட்டது.

"என்ன, வெண்டாச்சோ?"

"ஓம். ஆள் போயிட்டார்."

சயந்தினி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்பாட்டைச் சொன்னனீயே? அவர்தான் பாவம். எனக்காக எவ்வளவு தலை குனிஞ்ச மனுசன். இனியாவது நிம்மதியா இருக்கட்டும்."

அக்காவுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று துவாரகாவுக்குத் தெரியும். இப்படியே விட்டுவிட்டால் அக்காவுக்கு ஒரு நல்ல அப்பாவாவது மிஞ்சுவார். கண்ணாடியில் அப்பாவின் கண்கள் அவளைப் பார்த்து மன்றாடின. அன்றைக்கு மேடைப் படியில் நின்ற அக்காவும் அப்பாவைத்தான் முதலில் பார்த்திருப்பாள்.

"அக்கா, அப்பா இங்கைதான் இருக்கிறார், கேட்டுக்கொண்டு இருக்கிறார்," என்றாள் துவாரகா. "உன்ர பேரை ஆர் எடுப்பிச்சது எண்டு அவரே சொல்லுவார்."

அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தார். "அப்பா?" என்றாள் சயந்தினி. துவாரகா முன்னிருக்கைகளுக்கு நடுவே கையை நீட்டிக் காரின் ஒலியைக் கூட்டினாள். வீடு வருவதற்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.