ரொறன்ரோவின் வெக்கை அளக்கிற இடம்

அந்த யூலை மாதம் எங்கள் கட்டிடத்தில் வெக்கை இல்லை. அரசாங்கம் அப்படித்தான் சொல்லியிருந்தது. கட்டிட மனேஜர் தன் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இருபத்தெட்டு டிகிரி, அண்ணை. நீங்களே பாருங்கோ. அரசாங்கத்தின்ரை கணக்கு."

பார்த்தேன். இருபத்தெட்டு என்றுதான் இருந்தது. என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை அந்த எட்டின் மேல் விழுந்தது. மனேஜர் ஃபோனைத் துடைத்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், டோர்செட் பார்க்கில், பதினாலாம் மாடி, மேற்குப் பார்த்த வீடு. மத்தியானத்துக்குப் பிறகு சூரியன் ஹோலுக்குள் வந்தால் இருட்டும் மட்டும் போகாது. விருந்தாளி என்றால் ஒரு தேத்தண்ணியோடு எழும்பிவிடும். யன்னலில் ஏசி பூட்டக்கூடாது. கீழே போகிறவரின் தலையில் விழுமாம். கட்டிடத்தில் குளிரூட்டிய இடம் ஒன்றே ஒன்று, கீழ்த்தளத்து பார்ட்டி ரூம். அதை இரண்டு காரணத்துக்குத்தான் திறப்பார்கள். யாராவது விழா வைக்கவேண்டும். அல்லது அரசாங்கத்தின் கணக்கு முப்பதைத் தாண்டவேண்டும். தலைமை ஒஃபீஸின் சட்டம் அது.

எனக்கு வெக்கை பெரிய விஷயமில்லை. பேக்கரியில் அடுப்புப் பக்கம் வேலை செய்தவன். என் மனுசிக்குத்தான் ஏலாது. அந்த வசந்தத்தில் அவளுடைய இதயத்துக் குழாயில் அடைப்பு இருந்து ஸ்ரென்ட் வைத்தார்கள். வெக்கையில் இருக்க விடவேண்டாம் என்று டொக்டர் சொன்னார். இருக்க விடாமல் எங்கே கொண்டுபோவது என்று சொல்லவில்லை. யூன் கடைசியில் ஒருநாள் குசினியில் தலைசுற்றி விழுந்தாள். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் விழவில்லை. அன்றிலிருந்து நான் அவளை விட்டு அங்காலே போகவில்லை. அடுத்த முறை எதன் மேல் விழுவாள் என்றுதான் யோசனை.

"எங்கடை வீட்டுக்குள்ளை முப்பத்தாறு காட்டுது, தம்பி," என்றேன்.

"எதிலை காட்டுது?"

"ஒரு டொலர் கடையிலை வாங்கின வெப்பமானியிலை."

"நான் உங்களை நம்புறன், அண்ணை. ஒஃபீஸ் டொலர் கடையை நம்பாது. அவையளுக்கு அரசாங்கம் சொல்லவேணும்."

அரசாங்கத்தைக் குறை சொல்ல எனக்குப் படிப்புக் காணாது. ஒவ்வொரு நாடும் தன் வெக்கை எவ்வளவு, தான் விட்ட புகை எவ்வளவு என்று கணக்குக் கொடுக்கிறதாம். ரேடியோவில் கேட்டேன். கனடாவும் கொடுக்கிறது. நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரு சராசரி. வடக்கே பனிக்கட்டியில் நிற்கிற கரடியும் பதினாலாம் மாடியில் நிற்கிற நானும் அதற்குள் ஒன்றாக இருக்கிறோம். கரடிக்கு வெக்கை கூடிவிட்டது என்று எல்லாருக்கும் கவலை. படட்டும், அதுவும் பாவம்தான். பிறகு எல்லா நாட்டுக்காரரும் தங்கள் கணக்குகளோடு ஒரு மண்டபத்தில் கூடி, உலகம் சுடுகிறது என்று பேசுவார்கள். பேசும்போது கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டிருப்பார்கள். அந்த மண்டபத்துக்கு நல்ல ஏசி இருக்கவேண்டும்.

அடுத்த நாள் லிஃப்டில் ஆறாம் மாடி அண்ணையைக் கண்டேன். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை செய்து ஓய்வு எடுத்தவர். எந்தக் கதையையும் விமான நிலையத்தில் கொண்டுபோய்த்தான் இறக்குவார்.

"மனேஜர் காட்டுற இருபத்தெட்டு எங்கை எடுக்கிறது தெரியுமோ?" என்று கேட்டார்.

"எங்கை?"

"எயார்போர்ட்டிலை. புல்லுக்குள்ளை ஒரு வெள்ளைப் பெட்டி வைச்சு எடுக்கிறாங்கள்."

"எயார்போர்ட் பக்கத்து நகரத்திலை, மிசிசாகாவிலை எல்லோ?"

"ஓம்."

"அப்ப ரொறன்ரோவின்ரை வெக்கை?"

"அது மிசிசாகாவிலைதான் இருக்கு." லிஃப்ட் நின்றது. "நல்ல பச்சைப் புல்லு," என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அங்கே உண்மையாகவே இருபத்தெட்டுத்தான். அந்தப் புல்லில் ஒருவரும் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மனுசியிடம் சொன்னேன். ஈரத் துவாயைத் தலையில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அங்கை போவம்," என்றாள்.

"எங்கை?"

"இருபத்தெட்டு இருக்கிற இடத்துக்கு. அது இஞ்சை வராதெண்டால் நாங்கள்தானே போகவேணும்."

பகிடி என்று நினைத்தேன். அவள் எழும்பிப் புட்டையும் சம்பலையும் பெட்டியில் போட்டாள். பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றினாள். கென்னடி ஸ்டேஷனில் சப்வே ஏறி, அது போகிற கடைசி ஸ்டேஷன் மட்டும் போய், அங்கே எயார்போர்ட் பஸ் எடுத்தோம். சப்வே குளிர். பஸ்ஸும் குளிர். ஆட்கள் வந்திறங்குகிற மண்டபம் அதைவிடக் குளிர். மனுசி சால்வையைப் போர்த்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தாள். சாய்ந்த கையோடு நித்திரை. மூச்சு ஒழுங்காக வந்து போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை.

ஒருவரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தமிழர் சாப்பாட்டுப் பெட்டியோடு அங்கே நாள் முழுக்க இருப்பது புதினம் இல்லை.

பிறகு வெக்கை கூடிய நாளெல்லாம் போனோம். அப்படி ஒருநாள் அஜின்கோர்ட்டில் இருக்கிற அக்கா ஒருவர் எங்களைக் கண்டுவிட்டார். கோயிலில் பழக்கம். தங்கச்சியின் மகளை ஏற்றிப்போக வந்திருந்தார்.

"ஆர் வருகினம்?"

"ஒருத்தரும் இல்லை, அக்கா. சும்மா வந்தனாங்கள்."

"சும்மாவோ? எயார்போர்ட்டுக்கோ?"

"வீட்டிலை சரியான வெக்கை."

அக்கா என்னைப் பார்த்தார். புட்டுப் பெட்டியைப் பார்த்தார். நித்திரை கொள்ளும் மனுசியைப் பார்த்தார்.

"சொல்ல விருப்பமில்லை எண்டால் விடுங்கோ. அதுக்கு ஏன் வெக்கையை இழுக்கிறியள்?"

இருட்டுவதற்குள் செய்தி எங்கள் ஆட்கள் இருக்கிற வோபர்ன் வரைக்கும் போய்விட்டது. நாங்கள் ஊரிலிருந்து ஆள் கூப்பிட்டிருக்கிறோமாம். மனுசியின் தம்பி. இல்லை, என் தமக்கையின் மகன். ஆளைக் குடிவரவு அதிகாரிகள் உள்ளே மறித்து வைத்திருக்கிறார்கள், அதுதான் நாங்கள் போய்ப் போய் நிற்கிறோம். ஃபோன் எடுத்தவர்களுக்கு இல்லை, இல்லை என்றேன். சொல்லச் சொல்ல அது உறுதியானது. கடைசியில் ஆளை வெளியே விட்டும்விட்டார்களாம். வெக்கை என்றால் ஆதாரம் கேட்கிறார்கள். வராத ஆளுக்கு ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் கதவடியில் பெரிய கறுப்புப் பை ஒன்று இருந்தது. உள்ளே குளிர்காலக் கோட்டுகள், கம்பளித் தொப்பி, ஒரு சோடி பனிச் சப்பாத்து. புதிதாக வந்தவருக்காம். யாரோ நல்ல மனம். கோட்டுகளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து அலுமாரிக்குள் வைத்தேன். பிறகு போய்க் குளித்தேன்.

அன்று நாங்கள் வெளிக்கிடவில்லை. மனுசிக்குக் கால் வீங்கியிருந்தது. பஸ்ஸில் ஏற ஏலாது என்றாள். குளிர் தேடிப் போகிற வழியே அவளைக் களைக்கப் பண்ணிவிட்டது. ஃபானை நிலத்தில் வைத்து, ஈரச் சீலை விரித்துப் படுக்கவிட்டேன்.

பின்னேரம் மனேஜர் வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணை, புதுசா ஆரோ வந்து நிக்கினமாம். வாடகை ஒப்பந்தத்திலை உங்கள் இரண்டு பேரின்ரை பேர்தான் இருக்கு."

"ஒருத்தரும் வரேல்லை."

"எல்லாரும் சொல்லுகினம்."

"வந்து பாரும்."

வெக்கையைப் பார்க்க அவர் ஒருநாளும் மேலே வந்ததில்லை. ஆளைப் பார்க்க வந்தார். படுக்கையறையைப் பார்த்தார். குளியலறைத் திரையை விலக்கிப் பார்த்தார். அலுமாரியைத் திறந்தார்.

"அப்ப இந்தக் கோட்டுகள் ஆரின்ரை?"

"வராத ஆளின்ரை."

அதற்குள் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஹோலுக்கு வந்து கதிரையில் இருந்தார். வீட்டுக்கு வந்தவருக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்று மனுசி எழும்பினாள். குசினி வாசல் மட்டும் போனாள். அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் போய்ப் பிடித்தேன்.

"அக்கா, நீங்கள் இருங்கோ, இருங்கோ," என்று மனேஜர் எழும்பினார். அவரே குசினிக்குள் போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். திரும்பப் போய்க் குழாயைத் திறந்து தன் முகத்தைக் கழுவினார். பிறகு ஃபோனை எடுத்துப் பார்த்தார்.

"இருபத்தொன்பது," என்றார். சத்தம் குறைவாக வந்தது.

ஃபான் சுற்றியது.

"ஒஃபீஸுக்கு எழுதலாம், அண்ணை. அரசாங்கம் என்ன சொல்லுது எண்டு திருப்பி என்னட்டைக் கேப்பினம்." முகத்தைத் துடைத்தார். நிலத்தில் விரித்திருந்த ஈரச் சீலையைப் பார்த்தார். "நீங்கள் வந்தவருக்கு ஒரு வரவேற்பு வையுங்கோவன்."

"ஒருத்தரும் வரேல்லை எண்டு நீர் இப்பதானே பாத்தனீர்."

"நான் பாத்தனான். ஒஃபீஸ் பாக்கேல்லையே. விழா எண்டால் டிகிரி கேக்க மாட்டினம்."

"எத்தினை மணிக்கு வரவேற்பு?" என்று மனுசி நிலத்தில் இருந்தபடி கேட்டாள்.

"இப்பவே, அக்கா. எழும்புங்கோ, நான் ஒரு பக்கம் பிடிக்கிறன்."

பார்ட்டி ரூமில் அன்று எங்கள் இருவருக்கும்தான் விழா. அடுத்த நாளும் விழா. அதற்கு அடுத்த நாள் ஆறாம் மாடி அண்ணை தன் வயதுபோன மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து, "பிளேன் இறங்கிட்டுதோ?" என்று கேட்டுவிட்டு ஏசிக்கு நேரே ஒரு கதிரை பிடித்தார். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வந்தாள். கைக்குழந்தைகள் வந்தன. வருகிற ஆள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மனேஜர் பின்னேரங்களில் வாசலில் நின்று தலைகளை எண்ணினார். எத்தனை பேர் விழாவுக்கு வந்தார்கள் என்று ஒஃபீஸுக்குச் சொல்லவேண்டுமாம். அந்த யூலையில் எங்கள் கட்டிடத்திலிருந்து போன சரியான கணக்கு அது ஒன்றுதான்.

அஜின்கோர்ட் அக்காவும் வந்தார். கையில் பெரிய கேக். அதன் மேல் நல்வரவு என்று கிறீமால் எழுதியிருந்தது.

"எங்கை ஆள்?"

நான் சுவர்ப்பக்கம் காட்டினேன். மூன்று கதிரைகளைச் சேர்த்துப் போட்டு மனுசி அதில் படுத்திருந்தாள். கால் வீக்கம் வற்றியிருந்தது. அக்கா கிட்டப் போய் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி அந்த அறை முழுவதையும் பார்த்தார். கிழடுகள், குழந்தைகள், ஈரத் துவாய்கள்.

"அப்ப உண்மையாவே வெக்கைதானோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஓம்."

"அதை முதலே சொல்லியிருக்கலாமெல்லோ."

நான் கேக்கை வாங்கி மேசையில் வைத்தேன்.

"மனுசியை எழுப்பட்டோ? கேக் வெட்ட?"

"வேண்டாம், அக்கா. அவ படுக்கட்டும். நீங்கள் வெட்டுங்கோ."