தாடை வீங்கும்வரை

எங்கள் வீட்டில் பிடிவாதம் அம்மா வழிச் சொத்து. அதில் எனக்கும் பங்கு வந்திருக்கிறது என்று யாராவது குறை சொன்னால், பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

அப்போது கள்ளிக்குப்பத்தில் எங்களிடம் ஒரே ஒரு வெள்ளாடு இருந்தது. பகலெல்லாம் அம்மா அதை ஏரிக்கரையில் மேய்ப்பாள். சில நாட்களாகச் சாயங்காலம் திரும்பும்போது அதன் தாடைக்கு அடியில் பை கட்டியதுபோல் வீங்கித் தொங்கியது. விடிந்து பார்த்தால் வீக்கத்தைக் காணோம். முந்தைய ஆடு இப்படி வீங்கித்தான் செத்தது. தொழிற்பேட்டையில் லேத் மிஷின் ஓட்டிவிட்டு இரவில் திரும்பும் அப்பாவோ ஆட்டைக் காலையில் மட்டுமே பார்ப்பவர்.

“ஆடு நல்லாத்தான் கீது. உன் கண்ணுதான் வீங்கிகினு கீது” என்று சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஆட்டைக் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிப் போனாள். மருத்துவர் தாடையைத் தடவிப் பார்த்தார். வீக்கமே இல்லை.

“வீங்கியிருக்கும்போது கூட்டிக்கிட்டு வாங்கம்மா” என்றார். சாயங்காலம் ஆஸ்பத்திரி கிடையாது.

“வீங்கினப்புறம்தான் சார் ஊட்டுக்குப் போவேன்” என்று சொல்லிவிட்டு, அம்மா ஆட்டை வளாகத்துப் புல்லில் விட்டாள். அது வேப்பங்கொத்துக்கு எக்கியது. எக்கும்போதெல்லாம் அம்மா அதன் தலையைப் பிடித்துத் தரைக்கு அழுத்தினாள். சீக்காளி ஆட்டைப் போய் இப்படிப் படுத்துகிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இன்னாம்மா, புல்லு மேயறதுக்கா இதை ஆஸ்பத்திரிக்கு இட்டாந்தே?” என்று கேட்டார் நாய்க்குட்டியோடு வந்த ஒருவர். அம்மா ஆட்டின் தலையை இன்னொரு முறை அழுத்தினாள்.

மருத்துவர் கிளம்பும் நேரத்தில் தாடையடியில் பை தொங்கிவிட்டது. அம்மா ஆட்டை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினாள். “இப்போ பாருங்க சார்!”

அவர் அதன் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. “ஈரல்ல தட்டைப்புழும்மா. ஏரி நத்தைங்ககிட்டேருந்து புல்லுல ஏறும். நல்லவேளை, போகாம உக்காந்தீங்க” என்று மருந்து புகட்டினார். ஆடு பிழைத்தது. அப்பா கொஞ்ச நாள் குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

தலை குனிந்து மேய்ந்தால்தான் நீர் தாடைக்கு இறங்கும் என்பதை ஏரிக்கரையில் பார்த்துப் பார்த்தே அம்மா கண்டுபிடித்திருந்தாள். அது அப்போது எனக்குத் தெரியாது. ஆடு அம்மாவுக்குப் பயந்துதான் வீங்கியது என்று நினைத்தேன். திங்கட்கிழமை வகுப்பு முழுக்க அப்படித்தான் சொல்லிப் பெருமையடித்தேன்.